வெள்ளம் நிற்க இடம்: நகர நதிக்கரைப் பூங்காக்களின் வடிவமைப்பு குறித்து

நதிக்கரையில் பூங்கா அமைக்க வரையப்படும் திட்டப் படங்களில் தண்ணீர் பெரும்பாலும் அலங்காரமாகத்தான் வருகிறது. நடைபாதை அலைபோல வளைகிறது. தரைக்கற்களில் நீல வரிகள் ஓடுகின்றன. நடுவில் ஒரு நீரூற்று. தண்ணீரைப் பார்த்துப் பிறந்த வடிவமைப்பு என்று குறிப்பும் எழுதிவிடுகிறார்கள். தண்ணீரின் தோற்றத்தை வரைவது எளிது. அதன் நடத்தைக்கு இடம்விட்டு வரைவதுதான் கடினம். ஆறு ஏறும், இறங்கும். வளைவின் வெளிக்கரையை அரிக்கும், உட்கரையில் வண்டலைச் சேர்க்கும். பத்து மாதம் ஓடையாகக் கிடந்துவிட்டு ஒரே இரவில் தன் பழைய அகலத்தைத் திரும்பக் கேட்கும். கடந்த இருபது ஆண்டுகளில் பல நாடுகளில் உருவான கரையோரப் பூங்காக்களை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது, அவற்றை எடைபோட ஒரு கேள்வியைத்தான் முதலில் கேட்கத் தோன்றுகிறது: வெள்ளம் வரும் நாளில் இந்தப் பூங்கா தண்ணீருக்கு எவ்வளவு இடம் கொடுக்கிறது?

இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் சொல்லும் இடம் சிங்கப்பூரின் பீஷான் – அங் மோ கியோ பூங்கா. காலாங் ஆறு சுமார் 10 கிலோமீட்டர் நீளமுள்ளது. லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தில் புறப்பட்டு, அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு இடையே ஓடி, மரினா நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. வெள்ளநீர் தேங்காமல் விரைந்து போகவேண்டும் என்பதற்காக அதன் பெரும்பகுதிக்குக் கான்கிரீட் பூசிவிட்டார்கள். இந்தப் பூங்காவை ஒட்டி 2.7 கி.மீ. தூரத்துக்கு அது நேர்கோட்டுக் கால்வாயாக ஓடியது. வேலிக்கு அந்தப் பக்கம் கால்வாய், இந்தப் பக்கம் பூங்கா. இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. 2006-இல் பொதுப் பயனீட்டுக் கழகம் நீர்நிலைகளை மக்களுக்கு அருகில் கொண்டுவரும் திட்டத்தைத் தொடங்கியது. கால்வாய்க்குப் பராமரிப்பு தேவைப்பட்ட அதே சமயத்தில் பூங்காவும் புதுப்பிப்புக்குக் காத்திருந்தது. பொதுப் பயனீட்டுக் கழகமும் தேசியப் பூங்காக் கழகமும் சேர்ந்து, வேலியை எடுத்துவிட்டு இரண்டையும் ஒன்றாக்கும் முடிவுக்கு வந்தன. ஜெர்மானிய நிலவடிவமைப்பாளர் ஹெர்பர்ட் டிரைசைட்டலின் நிறுவனம் வடிவமைத்தது. 62 ஹெக்டேர் பூங்கா 2012 மார்ச்சில் திறக்கப்பட்டபோது, நேர்க்கால்வாய் இருந்த இடத்தில் சுமார் 3 கி.மீ. நீளத்துக்கு வளைந்து நெளியும் ஆறு ஒன்று ஓடியது.

இங்கே செய்த வேலையைச் சற்று நெருங்கிப் பார்க்கவேண்டும். பழைய கால்வாயின் அகலம் 17 முதல் 24 மீட்டர். புதிய ஆறு சாதாரண நாளில் அதைவிடக் குறுகலாக ஓடுகிறது. பிள்ளைகள் கல்லுக்குக் கல் தாவி மறுகரை சேரும் அளவுக்கு ஆழமும் குறைவு. பெருமழையில் அது இருபுறமும் உள்ள புல்சரிவுகளில் ஏறி ஏறத்தாழ 100 மீட்டர் அகலத்துக்கு விரிகிறது. கான்கிரீட் வழவழப்பானது. தண்ணீர் அதில் வேகமாக ஓடும். செடி வளர்ந்த கரை சொரசொரப்பானது, வேகத்தைக் குறைக்கும். வேகம் குறைந்தால் அதே அளவு வெள்ளத்தைக் கடத்த அதிக அகலம் வேண்டும். அந்த அகலத்தைப் பூங்காதான் தந்தது. ஆற்றின் கடத்துதிறன் முன்பிருந்ததைவிட ஏறக்குறைய 40 விழுக்காடு கூடியதாகக் கணக்கிடப்பட்டிருக்கிறது. வெள்ளத்தை விரட்டினால் அது கீழே உள்ள குடியிருப்பில்தான் போய் முட்டும். நடக்கவிட்டால் எல்லோருக்கும் நேரம் கிடைக்கும்.

கரை சரியாமல் நிற்பது எப்படி என்ற கேள்விக்கு முதலில் 60 மீட்டர் நீளச் சோதனைப் பகுதி ஒன்றில் விடை தேடினார்கள். உயிருள்ள கிளைகளைக் கட்டுக்கட்டாகச் சரிவின் குறுக்கே கிடத்தி முளையடிப்பது, மண்ணைத் துணிபோன்ற விரிப்பில் சுற்றி அடுக்கி இடையிடையே கிளைக் குச்சிகளைச் செருகுவது, கம்பிவலைப் பெட்டிகளில் கல் நிரப்பி அடியில் வைத்து மேலே செடி நடுவது எனப் பத்து முறைகளைச் செய்துபார்த்து, தாக்குப்பிடித்தவற்றை ஆறு முழுவதும் பயன்படுத்தினார்கள். வெப்பமண்டல நகரம் ஒன்றில் இந்த முறைகளை இந்த அளவில் முயன்றது அரிது. ஐரோப்பாவில் வேர்பிடிக்கும் வில்லோ மரக்கிளை இங்கே உதவாது, உள்ளூர்ச் செடிகளில் எது பிடிக்கும் என்று தேடியாகவேண்டும். கான்கிரீட் கரை கட்டிய அன்று மிக வலுவாக இருக்கும், ஆண்டுகள் போகப்போகத் தேயும். வேர்க்கரை நட்ட அன்று மிகப் பலவீனமாக இருக்கும், ஆண்டுகள் போகப்போக இறுகும். இந்த வேறுபாட்டை ஏற்றுக்கொள்ளாத ஒப்பந்தக்காரரும், முதல் மழையில் நாலு இடத்தில் கரை கரைந்ததைப் பார்த்துப் பதறும் அதிகாரியும் இப்படியொரு பூங்காவை உருவாக்க முடியாது. முதல் இரண்டு ஆண்டுகளைப் பொறுத்துக்கொள்ளும் ஒப்பந்தம் வேண்டும்.

உடைத்தெடுத்த கான்கிரீட் பாளங்களை அங்கேயே ஒரு சிறு குன்றாக அடுக்கி, பார்வைமேடை ஆக்கியிருக்கிறார்கள். நீர்மட்டம் உயரும்போது எச்சரிக்கை விளக்குகள் எரியும், ஒலிபெருக்கி அறிவிக்கும். மக்கள் சரிவில் மேலே நடந்துவிடலாம். செங்குத்துச் சுவர் இல்லாததால் எவரும் உள்ளே அகப்பட்டுக்கொள்ளும் வாய்ப்பு குறைவு. நீர்நாய்க் குடும்பம் ஒன்று தானாக வந்து குடியேறியது, சிங்கப்பூர் முழுவதும் புகழ்பெற்றது.

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத முன்பகுதி ஒன்று உண்டு. 1977 முதல் 1987 வரை சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் வடிநிலத்தையும் தூய்மைப்படுத்த அந்த அரசு பத்தாண்டுகள் செலவிட்டது. பன்றிப் பண்ணைகள் அகற்றப்பட்டன, நடைபாதை உணவுக்கடைகள் வடிகாலும் குழாய்நீரும் உள்ள வளாகங்களுக்கு மாற்றப்பட்டன, குடிசைப்பகுதி மக்கள் அடுக்ககங்களுக்குக் குடியமர்த்தப்பட்டனர், கழிவுநீர்க் குழாய்கள் தனியே போயின. பிள்ளைகள் இன்று கால் நனைக்கும் தண்ணீர் அந்த வேலையின் பலன். பூங்கா அதற்குக் கால் நூற்றாண்டு கழித்து வந்தது. பீஷானின் படங்களைக் காட்டித் தம் ஊரிலும் இப்படி ஆகும் என்று சொல்பவர்கள் இந்த வரிசையை மாற்றிச் சொல்கிறார்கள்.

அகலம் கொடுப்பது பற்றிப் பேசினால் நெதர்லாந்தை விட்டுவிட முடியாது. 1995-இல் ரைன் கிளைநதிகள் பெருகியபோது சுமார் இரண்டரை லட்சம் பேர் வெளியேற்றப்பட்டார்கள். நூற்றாண்டுகளாகக் கரையை உயர்த்தியே பழகிய நாடு அதன்பிறகு எதிர்த்திசையில் யோசித்தது. நதிக்கு இடம் என்ற திட்டத்தில் முப்பதுக்கு மேற்பட்ட இடங்களில் கரைகளைப் பின்னுக்குத் தள்ளியும் படுகைகளைத் தாழ்த்தியும் வேலைகள் நடந்தன. நைமேகன் நகரில் வால் நதி குறுகித் திரும்பும் இடத்தில், எதிரே லென்ட் கிராமத்தின் பக்கம் வெள்ளத்தடுப்புக் கரையை 350 மீட்டர் உள்ளே நகர்த்தி, பக்கக் கால்வாய் ஒன்றை வெட்டினார்கள். பழைய கரைக்கும் புதிய கரைக்கும் நடுவே தீவு ஒன்று உருவாயிற்று, அதுவே இன்று நகரின் நதிப்பூங்கா. கோடையில் அங்கே நீந்துகிறார்கள், படகு விடுகிறார்கள். இதற்காகச் சுமார் 50 வீடுகள் போயின. வீட்டை இழந்தவர்களின் வருத்தம் எந்த ஊரிலும் வருத்தம்தான். பேச்சு பல ஆண்டுகள் நடந்தது, இழப்பீடு தரப்பட்டது, என்ன காரணத்துக்காக நிலம் எடுக்கப்படுகிறதோ அந்தக் காரணத்துக்கே பயன்பட்டது. எடுத்த நிலத்தில் வெள்ளம் நிற்கிறது, வணிக வளாகம் நிற்கவில்லை.

சீனாவில் இந்தச் சிந்தனையைப் பரப்பியவர் காங்ஜியான் யூ. 1963-இல் ஜெஜியாங் மாகாணத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, அங்கேயே வயல்வேலை செய்து வளர்ந்தவர். 2025 செப்டம்பரில் பிரேசிலின் பந்தனால் ஈரநிலப் பகுதியில் நடந்த விமான விபத்தில் இறந்தார். நகரம் மழைநீரைப் பஞ்சுபோல உறிஞ்சித் தேக்கவேண்டும் என்னும் பஞ்சுநகரக் கருத்தோடு அவர் பெயர் சேர்ந்தே பேசப்படும். அவருடைய சொந்தப் பகுதியான ஜின்ஹுவாவில், இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் யான்வெய்சோ பூங்கா இருக்கிறது. அங்கே இருந்த கான்கிரீட் வெள்ளச்சுவரை அவர் நிறுவனம் அகற்றி, அடுக்கடுக்கான படிமேடைகளை அமைத்து, வெள்ளத்தில் ஒவ்வொரு அடுக்காக முழுகும்படி விட்டது. மேலே 700 மீட்டர் நீளப் பாலம் வண்ணப் பட்டைபோல வளைந்து செல்கிறது. கீழே எல்லாம் முழுகினாலும் ஊர் மக்கள் இக்கரைக்கும் அக்கரைக்கும் நடக்கலாம். வெள்ளம் கொண்டுவந்த வண்டலில் புல் உரமில்லாமல் செழிக்கிறது.

இந்தப் படிமேடைகளைப் பார்க்கும் தமிழ்க் கண்ணுக்குக் காவிரியின் படித்துறை நினைவுக்கு வராமல் இருக்காது. ஸ்ரீரங்கம் அம்மாமண்டபத்தில் நீர் எந்த மட்டத்தில் இருந்தாலும் ஏதாவது ஒரு படியில் கால் நனையும். ஆடிப்பெருக்கன்று மேல்படி வரை ஏறும், சித்திரையில் கடைசிப் படிக்கும் கீழே மணலில் நடக்கவேண்டியிருக்கும். நீர்மட்டம் மாறுவதைக் குறையாகக் கருதாமல், மாற்றம் முழுவதற்கும் சேர்த்துக் கட்டிய கரை அது. தடுப்புச்சுவருக்கும் கைப்பிடிக் கம்பிக்கும் பின்னால் நிறுத்தி ஆற்றைக் காட்டும் இன்றைய கரையோர நடைபாதைகளைவிட அது அறிவார்ந்த அமைப்பு என்றே நான் கருதுகிறேன்.

யூவின் இன்னொரு பூங்கா ஷாங்காயில் ஹுவாங்பு ஆற்றங்கரையில் உள்ள ஹௌட்டான். 2010 உலகக் கண்காட்சிக்காக, பழைய உருக்காலை நிலத்தில் 14 ஹெக்டேரில் உருவானது. 1.7 கி.மீ. நீளமுள்ள ஒடுக்கமான ஈரநிலம் ஆற்றுநீரை உள்ளே இழுத்து, படிப்படியாக வடித்து அனுப்புகிறது. மிதக்கும் துகள்கள் தேக்கத்தில் அடியில் படிகின்றன. நாணலும் கோரையும் வேர்களில் தாங்கும் நுண்ணுயிர்கள் அங்ககக் கழிவைத் தின்கின்றன. காற்றில்லாத சேற்றில் வாழும் வேறு நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விடுகின்றன. பாஸ்பரஸ் மட்டும் எங்கும் போவதில்லை. மண்ணிலும் செடியிலும் தங்கிவிடும், செடியை அறுத்து வெளியே எடுத்தால்தான் போகும். இப்படி நாளொன்றுக்கு 2,400 கனமீட்டர் நீர் சுத்தமாகிறது. இந்தியாவில் நகரவாசி ஒருவருக்கு 135 லிட்டர் நீர் என்பது திட்டமிடும் கணக்கு. அந்தக் கணக்கில் 2,400 கனமீட்டர் சுமார் 18,000 பேரின் ஒருநாள் உபயோகம். அதுவும் அங்கே உள்ளே வருவது ஆற்றோடு கலந்து நீர்த்துப்போன மாசு, வீட்டுச் சாக்கடை அல்ல. பல லட்சம் பேரின் கழிவுநீர் விழும் ஆற்றுக்கு நாணல் நட்டால் போதும் என்று ஒரு திட்ட அறிக்கை சொன்னால், இந்த ஒரு பெருக்கலைப் போட்டுப் பார்த்துவிட்டு அதை ஓரமாக வைத்துவிடலாம். பூங்கா ஈரநிலம் மழைநீரின் அழுக்கை வாங்கும், சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வரும் நீருக்குக் கடைசி மெருகு தரும். சாக்கடைக் குழாயின் வேலையைச் செய்யாது.

வெள்ளத்திலும் ஓர் எல்லை உண்டு. பஞ்சுநகரத் திட்டத்தில் பெரும் பணம் செலவிட்ட ஜெங்ஜோ நகரில் 2021 ஜூலை 20 அன்று ஒரே மணி நேரத்தில் 201.9 மி.மீ. மழை கொட்டியது. சுரங்க ரயிலுக்குள் வெள்ளம் புகுந்து 14 பேர் இறந்தனர். அந்த மழையைத் தாங்கும் பூங்கா எதுவும் இல்லை. எச்சரிக்கையும், ரயிலை நேரத்தில் நிறுத்தும் முடிவும்தான் அங்கே உயிர்காத்திருக்கும். இதைக் காட்டி ஈரநிலப் பூங்காக்களே வீண் என்பவர்கள் உண்டு. ஆண்டுதோறும் வரும் மழையை வாங்குவதற்கும் நூற்றாண்டுக்கு ஒருமுறை வருவதைத் தாங்குவதற்கும் ஒரே கருவியை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

தென்கொரியாவின் சோலில் உள்ள சொங்கேசொன் ஓடையும் அகமதாபாதின் சபர்மதிக் கரையும் தண்ணீரை மையத்தில் வைத்து, ஆனால் வேறு வழியில் உருவானவை. சோலில் 2003-இல் மேம்பாலச் சாலையை இடித்து, புதைந்து கிடந்த ஓடையை 5.8 கி.மீ. நீளத்துக்குத் திறந்து, 2005-இல் மக்களுக்குக் கொடுத்தார்கள். நகரின் நடுவே கார்களிடமிருந்து நிலத்தை மீட்ட துணிச்சல் பெரிது. கோடையில் ஓடையோரம் பக்கத்துச் சாலைகளைவிடச் சில பாகை குளிர்ச்சியாக இருக்கிறது. ஆயினும் அங்கே ஓடும் நீர், நாளொன்றுக்கு சுமார் 1,20,000 டன், பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து மின்சாரத்தால் இறைக்கப்படுவது. மோட்டாரை நிறுத்தினால் ஓடை ஏறத்தாழ நின்றுவிடும். நீடித்து நிற்கும் வடிவமைப்பு என்ற பெயரை நான் இதற்குத் தயங்கியே தருவேன்.

சபர்மதியில் இருகரையிலும் சுமார் 11.5 கி.மீ. நீளத்துக்குக் கான்கிரீட் சுவர் எழுப்பி, ஆற்றின் அகலத்தை ஒரே சீராக 263 மீட்டருக்குக் கொண்டுவந்தார்கள். மிஞ்சிய படுகை நிலமாயிற்று. அதில் பூங்காக்களும் நடைபாதையும் வந்தன, ஒரு பகுதி விற்பனைக்கும் ஒதுக்கப்பட்டது. உள்ளே நிற்கும் நீர் நர்மதைக் கால்வாயிலிருந்து வருவது, வாஸ்ணா தடுப்பணை அதைத் தேக்கிவைக்கிறது. மாலையில் அங்கே நடக்கும் குடும்பங்களின் மகிழ்ச்சி உண்மையானது, அதை நான் மறுக்கவில்லை. அதே ஆற்றில் ராய்சணிலிருந்து வௌதா வரையிலான பகுதியில், கரிமக் கழிவின் அளவைக் காட்டும் உயிரிய ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 292 மில்லிகிராம் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2022 அறிக்கை பதிவுசெய்தது. குளிக்கத் தகுந்த நீருக்கு அது 3-க்கு மேல் போகக்கூடாது. கரையில் குடியிருந்து, படுகையில் காய்கறி பயிரிட்டு, துணி வெளுத்து, ஞாயிற்றுக்கிழமைச் சந்தை நடத்தி வாழ்ந்தவர்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நகரின் விளிம்புக்கு அனுப்பப்பட்டன. நைமேகன் நதிக்கு நிலம் கொடுத்தது. இங்கே நதியிடமிருந்து நிலம் எடுக்கப்பட்டது. இரண்டு இடத்திலும் வீடுகள் போயின, போன காரணம் நேர்மாறு.

கடலோர நகரங்களின் சிக்கல் வேறு. 2012 அக்டோபரில் சாண்டி புயலின் கடலெழுச்சி நியூயார்க்கை முழுக்கியது. குயின்ஸில் அப்போது கட்டப்பட்டுக்கொண்டிருந்த ஹன்டர்ஸ் பாயின்ட் சவுத் பூங்கா, நீர் ஏறி வடியட்டும் என்றே திட்டமிடப்பட்டிருந்தது. அதன் விளையாட்டுத் திடல் வெள்ளத்தைத் தேக்கி மெல்ல வெளிவிடும். எதிர்க்கரையில் மன்ஹாட்டனின் கிழக்கு ஆற்றுப் பூங்காவுக்கு முதலில் வந்த திட்டமும் அப்படித்தான்: உட்புறமாக மண்மேடு எழுப்பி, பூங்காவை முழுகவிடுவது. 2018-இல் நகர நிர்வாகம் அதை மாற்றி, பூங்கா முழுவதையும் எட்டுப் பத்து அடி உயர்த்த முடிவெடுத்தது. சுமார் ஆயிரம் மரங்கள் வெட்டப்பட்டன, குடியிருப்பாளர்கள் போராடினார்கள். உப்புநீர் அடிக்கடி ஏறினால் மரங்கள் நிற்காது என்பதில் பொறியாளர்கள் பக்கம் நியாயம் இருந்தது. கடல்மட்டம் உயர்ந்துகொண்டே போகும் இடத்தில் எதை முழுகவிடலாம், எதை உயர்த்தவேண்டும் என்பதற்கு ஒரே சூத்திரம் கிடையாது.

சென்னைக்கு வருவோம். அடையாறு கழிமுகத்தில், கட்டட இடிபாடுகள் கொட்டிக் கிடந்த 58 ஏக்கரைச் சீர்செய்து தொல்காப்பியப் பூங்கா 2011 ஜனவரியில் திறக்கப்பட்டது. குப்பையை அகற்றி, அலைநீர் மீண்டும் உள்ளே வர வழிவெட்டி, கண்டல் மரங்களும் இப்பகுதிக்கே உரிய உலர்பசுமைக் காட்டு மரங்களும் நட்டார்கள். பின்னர் கழிமுகத்தின் மேலும் 300 ஏக்கருக்கு அதே வேலை விரிந்தது. நகருக்குள் இதுபோன்ற மீட்பு நடந்ததற்காக மகிழவேண்டும். நீண்டகாலம் அது பள்ளி மாணவர்களுக்கும் முன்பதிவு செய்தவர்களுக்கும் மட்டுமே திறந்திருந்தது. பறவைக்கும் கண்டலுக்கும் அந்த அமைதி தேவை. கழிமுகப் பூங்காவில் எல்லா இடமும் எல்லோருக்கும் திறந்திருக்கவேண்டியதில்லை, நடக்க ஒரு பகுதியும் காக்க ஒரு பகுதியும் பிரிப்பது நல்ல வடிவமைப்பின் பகுதிதான்.

ஆனால் சிங்கப்பூரின் முறையை அப்படியே இங்கே கொண்டுவர முடியாத காரணம் வானத்தில் இருக்கிறது. அங்கே ஆண்டு முழுவதும் பரவலாக மழை. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. பெய்வதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் முடிந்துவிடுகிறது. கோடையில் முகத்துவாரத்தை மணல்திட்டு அடைக்கிறது, அலைநீர் உள்ளே வருவதில்லை, ஆற்றில் நிற்பதில் பெரும்பங்கு கழிவுநீர். மேலே சொன்ன அதே 2022 அறிக்கையில் நகரின் இன்னோர் ஆறான கூவத்தின் ஆவடி – சத்யா நகர் பகுதி லிட்டருக்கு 345 மில்லிகிராமுடன் சபர்மதியையும் தாண்டி நின்றது. 2015 டிசம்பர் 1 அன்று அதே அடையாறு, செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீரும் இடைப்பட்ட ஏரிகளின் உபரிநீரும் சேர்ந்து, இரு கரையிலும் மாடி வரை ஏறியது. ஒன்பது மாதம் வறண்டும் மூன்று மாதம் பெருகியும் ஓடும் ஆற்றுக்கு வடிவமைப்பதாக இருந்தால், வறண்ட மாதங்களுக்கான பூங்காவாகவும் அது இருக்கவேண்டும்.

அப்படி ஒன்று எப்படி அமையலாம்? ஆற்றின் நடுவில் கோடை நீருக்கு ஒரு குறுகிய ஓடை. அதற்கு மேல், முழுகினால் கெடாத தாழ்தளம்: புல்திடல், கபடிக் களம், சந்தைத் தரை. மின்பெட்டியும் கழிப்பறையும் அங்கே கூடாது. சரிவில் வெட்டிவேர், நொச்சி, நாணல், ஓரமாக நீர்மருது. உப்பேறும் இடத்தில் கண்டல். மேல்தளத்தில் நிழல்மரங்களும், தாழ்தளம் முழுகியிருக்கும் மாதங்களிலும் நடக்க ஒரு பாதையும். மழைவடிகால் வாய் ஒவ்வொன்றிலும், ஆற்றில் விழுமுன் குப்பையையும் வண்டலையும் பிடித்துவைக்கும் தேக்கம். தேங்கும் நீர் இரண்டு நாளில் வடிந்துவிடவேண்டும், கொசுப்புழு கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் தேவை என்பதால் இந்தக் கணக்கு முக்கியம். வடியாத குளங்களில் மீன் இருக்கவேண்டும்.

இந்தத் தாழ்தளத்துக்கான நிலம்தான் பெரிய கேள்வி. கூவக்கரையிலிருந்து குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டன. பெரும்பாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்நிலம், மழைக்காலத்தில் அதுவும் வெள்ளத்தில் நிற்கிறது. வேலை செய்யும் வீடுகளும் பள்ளியும் மருத்துவமனையும் பல கிலோமீட்டர் தள்ளிப்போயின. ஆற்றுக்கு இடம்கொடுக்கக் கரையோரக் குடிசையை எடுக்கும் நகரம், அதே வெள்ளப்படுகையில் அனுமதியோடு எழுந்த அடுக்ககங்களையும் நிறுவன வளாகங்களையும் அதே அளவுகோலால் அளக்கவேண்டும். குடிபெயர்க்கப்படுபவர்களுக்கு அதே ஆற்றோரப் பகுதியில், மேட்டில் வீடு கொடுக்கவேண்டும். பூங்காவின் காவல், நாற்றங்கால், கரைச்செடி பராமரிப்பு, சந்தைக் கடைகள் ஆகிய வேலைகளில் அவர்களுக்கு முதல் உரிமை தரலாம். ஆற்றின் ஏற்ற இறக்கத்தை அவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் அந்த நகரத்தில் வேறு யாரும் இல்லை.

மிச்சமிருப்பது பராமரிப்புச் செலவு. நியூயார்க்கின் புரூக்ளின் பாலப் பூங்கா, வளாகத்துக்குள் கட்டிய அடுக்ககங்களின் வருவாயில் தன்னைப் பராமரித்துக்கொள்கிறது. பூங்கா நிலத்தில் கட்டடமா என்ற சண்டை அங்கே பல ஆண்டுகள் நடந்தது. வெள்ளப்படுகையில் அந்த வழி நமக்குப் பொருந்தாது. வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் தாழ்தளம் முழுவதும் ஒரு சாண் வண்டலும் நெகிழியும் ஆகாயத்தாமரையும் கிடக்கும். வண்டலை அள்ளி நாற்றங்காலுக்குக் கொண்டுபோகவும், நெகிழியைப் பிரிக்கவும், பெயர்ந்த செடிகளை மீண்டும் நடவும் ஜனவரி முழுவதும் ஆள் வேண்டும். அந்தச் சம்பளத்துக்கான ஒதுக்கீடு, திறப்பு விழாவுக்கு முன்பே, முதல் ஒப்பந்தப்புள்ளியிலேயே எழுதப்பட்டிருக்கவேண்டும்.